கட்டத் தவறினால்

மூவாயிரம் ரூபாய் அபராதம்,
கட்டத் தவறினால் முப்பது நாள் வெறுங்காவல்.
வகுத்துப் பார்த்தால் நாளுக்கு நூறு.
கோபி கிளைச்சிறையில்
எனக்குக் கொடுத்திருக்கும் வேலை
இந்த வகுத்தல்தான்.

ஆறுச்சாமி திருடியது
கிணற்று மோட்டாரின் செம்புக் கம்பி, எட்டுக் கிலோ.
தண்டனை,
தீர்ப்புக்கு முன்பே உள்ளே கிடந்த நாட்களில்
தானாகக் கழிந்திருந்தது.
அபராதம் கழியவில்லை.

முதல் நாளே சரசாள் வந்துவிட்டாள்,
கவுந்தப்பாடி ஆலைக்கொட்டகையிலிருந்து நேராக.
எண்ணூறு ரூபாய்.
கரும்புப் பாகில் ஒன்றோடொன்று ஒட்டிய நோட்டுகள்.
ஈரப் பஞ்சில் விரலைத் தொட்டுத் தொட்டுக்
கிழியாமல் பிரித்தேன்.
எட்டு நாளைக் குறைத்து
ரசீது கிழித்தேன்.

இரண்டாம் சனிக்கு முந்தின சாயங்காலம் அது.
கருவூலம் திங்கட்கிழமைதான் திறக்கும்.
திங்களன்று இழுப்பறையை இழுத்தால்
அரசாங்கப் பணத்தின் மேல்
சிற்றெறும்புச் சாரி.
ஊதினேன், போகவில்லை.
உதறிச் சலானோடு அனுப்பினேன்.

ஏழு நாள் அவன் உட்கார்ந்தான்,
எழுநூறு தீர்ந்தது.
அவள் ஐந்நூறு கொண்டுவந்தாள்,
ஐந்து நாள் தீர்ந்தது.
மறுபடி அவன் ஐந்து நாள்.
ஒரே கிணற்றை
இரண்டு மோட்டார் வைத்து இறைக்கிற மாதிரி.

ஐந்து நாள் மிச்சமிருக்கையில் மனுப்பார்க்க வந்தவளிடம்
கம்பிக்கு அந்தப்புறமிருந்து சொன்னான்:
"கட்டாத புள்ள.
அஞ்சு நாள்தான, குக்கியிருந்துட்டு வாரேன்.
ஐநூறு ரூவா எச்சா இருக்குதா உங்கிட்ட?"

"இங்க உம்பட நாளு நூறு.
ஆலையில அடுப்பெரிச்சா எழுநூறு.
நீ குக்கியிருக்கற ஒவ்வொரு நாளைக்கும்
அறுநூறு நட்டம்.
வேணும்னா அய்யாவக் கேளு."

இருவரும் என்னைப் பார்த்தார்கள்.
என் பதிவேட்டில் அந்தக் கட்டம் இல்லை.

அவள் கட்டும்போது மணி ஐந்து ஐம்பது.
நான் ரசீது எழுதி, முத்திரை குத்தி, நிமிர்வதற்குள்
சாயங்கால எண்ணிக்கை முடிந்து
கொட்டடி பூட்டியாகிவிட்டது.
பூட்டினால் பூட்டினதுதான்.
விடுதலை இனிக் காலை ஆறரைக்கு.

"பணங் கட்டியாச்சுங்களே."
"ஆச்சும்மா."
"அப்ப இந்த ராத்திரிக்கு நூறு ரூவா
திருப்பிக் குடுப்பீங்களாங்க?"

கிண்டல் இல்லை.
கையை நீட்டியிருந்தாள்.
விதிப் புத்தகத்தைப் புரட்டினேன்,
பதில் தேடி அல்ல,
அந்தக் கையைப் பார்க்காமல் இருக்க.
எதிர் டீக்கடை பெஞ்சில்
விடியும்வரை கிடந்தாள் என்று
மறுநாள் வார்டர் சொன்னார்.

ஒன்றரை மாதம் கழித்து ஒரு போன்.
கவுந்தப்பாடிக் காவலர் ஒருவர்.
"ஆறுச்சாமின்னு ஒருத்தருங்க.
மூவாயிரம் பாக்கின்னு
கோர்ட்டுல வசூல் வாரண்ட் குடுத்திருக்காங்க.
ஜப்தி பண்ணோணும், ஊட்டு வாசல்லதான் நிக்கறனுங்க.
ரெண்டு அண்டா எடுத்து வெச்சிருக்குதுங்க.
வேற ஒண்ணையுங் காணம்."

நான் அனுப்பிய அறிக்கை
எந்தக் கட்டுக்கு அடியில் கிடக்கிறதோ.
அடிக்கட்டையைப் புரட்டி வாசித்தேன்:
எண்ணூறு. ஐந்நூறு. ஐந்நூறு.
உட்கார்ந்த நாள் பன்னிரண்டு.
கூட்டினால் மூவாயிரம்,
ஒரு பைசா பிசகாது.

அவர் எழுதிக்கொள்ளும் சத்தம்.
நடுவே ஒரு பெண்குரல், தூரத்தில்.
காவலர் இருமினார்.
"அந்தம்மா என்னமோ சொல்லுதுங்க.
பன்னெண்டு இல்லீங்களாம்,
பதிமூணு ராத்திரிங்களாம்.
எப்படிங்க எழுதறது?"

"பன்னெண்டுன்னே போடுங்க" என்றேன்.

அண்டாவை
வீட்டுக்குள் இழுத்து வைக்கிற சத்தம்
போனில் வெகுநேரம் கேட்டது.